மகனின் எஞ்சின் மூன்றாவது ஓட்டத்தில் உடைந்தது, காரணம் என்ன?

செந்தூல் அப்பா:
வணக்கம். என் மகனுக்கு 11 வயது. அமெரிக்கப் பிள்ளைகள் ஓட்டும் ஜூனியர் டிராக்ஸ்டர் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான சிறுவர் கார்) வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டான். பழைய கோ-கார்ட் வண்டி ஒன்றை 5 குதிரைத்திறன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு வாங்கினேன். வேகம் போதவில்லை என்றான், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டேன். ஞாயிறு காலை, காலி வளாகத்தில் மூன்றாவது ஓட்டம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க்கேஸில் ஐம்பது சென் காசு அளவு ஓட்டை. எண்ணெய் அவன் காலுறை வரை தெறித்திருந்தது.

கெப்போங் பட்டறைக்காரர்:
தம்பி, பையனுக்கு அடிபடவில்லையே? கவர்னர் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றோடு பிடித்து நிறுத்தும். இல்லையென்றால் எகிறிக்கொண்டே போகும், பிஸ்டனைக் கிரேங்க் தண்டோடு இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடு தாங்காது. இவ்வகைச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் பம்பு கிடையாது. ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டுதான் எண்ணெயை வாரி அடிக்கும். அளவு குறைந்திருந்தால் கிளம்பும் வேகத்தில் எண்ணெய் பின்னால் ஒதுங்கி, ராடு காய்ந்துவிடும். அந்த வேகத்தில் வார்ப்பு ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) சிதறியிருந்தால்? நினைத்தாலே கை நடுங்குகிறது. தயவுசெய்து கவர்னரைத் திரும்ப மாட்டுங்கள்.

பினாங்கு அக்கா:
அமெரிக்காவில் இந்தப் பந்தயத்தில் 5 வயதிலேயே சேர்க்கிறார்கள், ஆனால் ஓடுவது அதிகபட்சம் எட்டில் ஒரு மைல், 201 மீட்டர். முழுமுக ஹெல்மெட், கழுத்துப்பட்டை, தீ தாங்கும் உடை இல்லாமல் உட்காரவே விடமாட்டார்கள். முதலில் பச்சை விளக்குக்குக் கிளம்பப் பழக்குங்கள் தம்பி.

செந்தூல் அப்பா:
காயமில்லை அண்ணே. இன்றிரவு அவனோடு சேர்ந்து எஞ்சினைப் பிரிக்கிறேன். ராடைப் படமெடுத்துப் போடுகிறேன்.