பின்னேரமானால் காலிச் சனலிலும் 'ஆள் இருக்கு' என்கிறது

கொக்குவில் தங்கச்சி:
இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளை (லப்டொப்பில் செருகி ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சின்னக் கருவி) வைத்து, குருநகர்ப் பக்கம் படகுக்காரர் பேசும் 156–162 மெகாஹேர்ட்ஸில் எந்தச் சனல் காலி என்று பார்க்கிறேன். எனர்ஜி டிடெக்‌ஷன்தான்: சக்தி ஒரு வரம்பைத் தாண்டினால் ஆள் இருக்கிறது. பகலில் பிரச்சினை இல்லை. ஆறரைக்குப் பிறகு எல்லாச் சனலும் வரம்பைத் தாண்டுகிறது. சராசரி எடுக்கும் அளவீடுகளை 100இலிருந்து 10,000 ஆக்கினேன். கோடு அழகாக நேரானது, உயரம் மட்டும் இறங்கவில்லை.

பழைய ஏரியல்:
தங்கச்சி, சராசரி கோட்டின் நடுக்கத்தைத்தான் அடக்கும். 100 மடங்கு கூட எடுத்தால் நடுக்கம் 10 மடங்கு குறையும். இரைச்சலின் அடிமட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த மட்டம் உறுதியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு நேரம் கேட்டாலும் ஓரளவுக்குக் கீழே உள்ள சிக்னலைப் பிடிக்கவே முடியாது. ஆய்வாளர்கள் டாண்ட்ராவும் சஹாயும் 2008இல் எழுதிய 'எஸ்என்ஆர் சுவர்' இதுதான் (எஸ்என்ஆர் என்றால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்).

எனக்கும் இதே கூத்து நடந்தது. லப்டொப்பைப் பற்றரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை நிப்பாட்டினேன். இரைச்சல் படுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டு வர, சாமியறை எல்இடி பல்பு எரிந்ததும் கோடு துள்ளியது. அம்மா விளக்கு வைக்கிற நேரம்! 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவல்படையே எல்இடி விளக்குகள் படகு விஎச்எஃப் ரேடியோவைக் குழப்புவதாக எச்சரித்தது. மலிவு பல்பின் டிரைவர்தான், அதாவது உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்றுத்தான், காரணம்.

வரம்பை ஒரே எண்ணாகக் கட்டிப்போடாதே. 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் 25 கிலோஹேர்ட்ஸ் சனல் 96 வருகிறது, அநேகமாக எல்லாமே காலி. அவற்றின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவை), சராசரியை அல்ல, ஒவ்வொரு தடவையும் எடுத்து, அதற்கு மேலே இத்தனை டிபி (டெசிபல்) என்று வை. பல்பு எரிந்தால் வரம்பும் கூடவே ஏறும். மெல்லிய சிக்னல் அப்போது தப்பும்தான். அதற்குப் பல்பை மாற்றுவதே வழி.

மொட்டைப்பனை:
தானியங்கி கெயினை (டொங்கிள் தானாகவே பெருக்கத்தைக் கூட்டிக் குறைப்பதை) நிப்பாட்டியிருக்கிறாயா? அது ஓடினால் அண்ணை சொன்ன கணக்கெல்லாம் சரிவராது. திரையில் கோட்டின் நடுவில் எப்போதும் நிற்கும் முள் டொங்கிளினுடையது, அந்தச் சனலை விட்டுவிடு. யுஎஸ்பி வயரை நீட்டி லப்டொப்பிலிருந்து தள்ளி வை.

கொக்குவில் தங்கச்சி:
ஓம் அண்ணை, தானியங்கி கெயின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிப்பாட்டி, இடைநிலையும் போட்டேன். நேற்றிரவு பொய் அலாரம் இரண்டே இரண்டு. எங்கள் மெயினை நிப்பாட்டியும் இரைச்சல் கொஞ்சம் மிஞ்சியது. வேலிக்கு அங்காலே மாமி வீட்டு முற்றத்து லைட். புது பல்பு நானே வாங்கிக் கொடுக்கப் போகிறேன், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?