மறு: 'கான்ஸ்பிரசி தியரி'க்குத் தமிழ்ச்சொல் – 'கோட்பாடு' வேண்டாம்

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். எல்லாம் ஒரு ரகசியக் கூட்டத்தின் சதி என்னும் 'கான்ஸ்பிரசி தியரி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். மேற்கோளாக எடுத்த வரிகள் குழுவில் வந்தவை. போன ஞாயிறு சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். அவன் ஆயாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு. பிரெஞ்சுப் புரட்சி, இரண்டு உலகப் போர், கொரோனா எல்லாமே இலுமினாட்டி என்ற ரகசியச் சங்கத்தின் வேலை, பைபிளிலேயே சொல்லியிருக்கிறது என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார். "சார், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றான். பலகையில் 'சதிக் கோட்பாடு' என்று எழுதினேன். ஐன்ஸ்டைனின் 'சார்புக் கோட்பாடு' அவனுக்கு ஏற்கெனவே தெரியும். "அப்போ இதுவும் சயின்ஸா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலுக்கு இழுத்தது.

> 'சதிக் கோட்பாடு' நாளிதழ்களில் வந்துவிட்டது. புழங்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, ஆங்கிலத்தில் 'தியரி' என்பது வெறும் ஊகத்துக்கும் வரும். தமிழில் கோட்பாடு அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. 'சாவியை நீதான் தொலைத்தாய் என்பது என் கோட்பாடு' என்று எந்த வீட்டிலாவது சொல்கிறார்களா? நாம் அந்தச் சொல்லைக் கொடுக்கும்போது, கூடவே ஒரு நாற்காலியையும் போட்டுக்கொடுக்கிறோம்.

> 'சதி'யைவிடச் 'சூழ்ச்சி' நல்ல தமிழ்.

நல்ல தமிழ்தான். ஆனால் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் (671) அது ஆலோசனை. அமைச்சர்களையும் வள்ளுவர் 'சூழ்வார்' என்றே சொல்கிறார். பொருள் பிறகு மாறியது, சரி. ஆனாலும் மாணவன் குறளையும் படிக்க வேண்டுமே. ஊர் வாயில் இருப்பதும் சதிதான், சதிகாரன்தான்.

> 'கட்டுக்கதை' போதாதா?

இங்கேதான் நான் நின்று யோசித்தேன், ஏனென்றால் எங்கள் நாட்டில் ரகசியச் சங்கம் கதை இல்லை. 1918இல் தொடங்கிய புரூடர்பாண்ட் இருந்தது. ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்), ஆண், புராட்டஸ்டண்ட் என்றால்தான் உள்ளே விடுவார்கள். 1948 முதல் ஆண்ட நிறவெறிப் பிரதமர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். 1963இல் பெயர்ஸ் நௌடே என்ற சீர்திருத்தச் சபைப் போதகர் மனம் பொறுக்காமல் அதன் ஆவணங்களை வெளியே கொடுத்த பிறகு, இங்குள்ள சண்டே டைம்ஸ் இதழில் செய்தி வந்தது. அதற்கு முன் யாராவது 'ரகசியக் கூட்டம் ஒன்று நாட்டை ஆள்கிறது' என்று சொல்லியிருந்தால், நம் கலைச்சொல் அவரைக் கட்டுக்கதைக்காரர் ஆக்கியிருக்கும். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நிறவெறி அரசால் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு முன்னால் நான் அந்தச் சொல்லை அப்படி எழுத மாட்டேன்.

ஆகவே சொல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஆதாரம் தேடுகிற, ஆதாரம் இல்லையென்றால் கைவிடுகிற சந்தேகத்துக்குச் 'சதி ஐயம்'. எந்த ஆதாரத்துக்கும் அசையாததற்குச் 'சதிப்புனைவு'.

இலுமினாட்டி இரண்டாவது வகை. ஆடம் வைஸ்ஹாப்ட் 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட்டில் அதைத் தொடங்கினார். 1785க்குள் அரசு தடைபோட்டு அடக்கிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சி 1789இல். ஆனாலும் 1797இல் இயேசு சபையைச் சேர்ந்த பாருவேல் பாதிரியார் பக்கம் பக்கமாக எழுதினார்: தத்துவவாதிகள், ஃபிரீமேசன் என்ற சங்கத்தார், இலுமினாட்டிகள் மூவரும் சேர்ந்து சிம்மாசனத்தையும் பலிபீடத்தையும், அதாவது அரசையும் திருச்சபையையும், கவிழ்த்தார்கள் என்று. பையனின் கைப்பேசியில் வந்தது அதே சரக்கு.

யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் 'சீயோன் மூப்பர் நெறிமுறைகள்' இன்னும் கொடியது. 1903இல் ரஷ்யாவில் அச்சான அந்தப் போலி, 1864இல் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய ஒரு பிரெஞ்சு நூலிலிருந்து வரிவரியாகத் திருடியது என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே காட்டிவிட்டது. அப்புறமும் 1934இல் இங்கே, போர்ட் எலிசபெத் யூதத் தொழுகைக்கூடத்தில் திருடியது என்று சொல்லி அதே பாணியில் ஒரு சதித்திட்டத் தாளைச் சாம்பல்சட்டைக்காரர்கள் என்ற நாஜி ஆதரவு இயக்கத்தார் மேடையில் படித்தார்கள். கிரஹாம்ஸ்டவுன் நீதிமன்றம் அதைப் போலி என்று தீர்ப்பளித்தது. இதற்குக் 'கோட்பாடு' என்று பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.

தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் இதில் ஒன்றைக் கவனித்தார். முன்பு போர் வந்தால் கிரேக்கரின் ஒலிம்பஸ் தேவர்களின் சதி என்றார்கள். தேவர்கள் போன பிறகு அந்த இடத்தில் சீயோன் மூப்பர்களை உட்காரவைத்தார்கள். மதக் குழுமங்களில் இந்தப் பேச்சு இவ்வளவு எளிதாக ஓடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

'சதிக் கற்பிதம்' என்று ஒரு நண்பர் சொன்னதும் நல்ல சொல்லே. பத்து வயதுக் குழந்தைக்கு விளக்கப் புனைவு எளிது, அவ்வளவுதான்.

வரும் வெள்ளி வகுப்புத் தாள் அச்சுக்குப் போகிறது. 'சதிப்புனைவு' என்று ஒற்று மிகுத்தே எழுதுகிறேன். 'சதி ஐயம்' சேர்ந்து 'சதியையம்' ஆனால் படிக்கவே முடியவில்லை, பிரித்தே எழுதலாமா? ஐயா வியாழனுக்குள் ஒரு வரி சொன்னால் போதும்.