ஐயா சதாபிஷேகத்துக்கு ஆல்பம்: போனில் நன்றாக இருக்கிற படம் ப்ரிண்ட்டில் செங்கல் நிறமாக வருகிறது, உதவுங்கள்

கேள்வி – கானாடுகாத்தானிலிருந்து

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் ஐயாவுக்குச் சதாபிஷேகம். வருகிற பங்காளிகள், பெண்மக்கள் எல்லோர் கையிலும் ஐயா, அப்பத்தா படம் வைத்த சின்ன ஆல்பம் ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும். அதை நானே எடுத்து, நானே வீட்டில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். அன்றையிலிருந்து தூக்கம் சரியில்லை.

கேமரா 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ். ப்ரிண்டர் நான்கு கலர் இங்க் டேங்க் வகை. தாள் 4x6 பளபள போட்டோ பேப்பர். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள் தாழ்வாரத்தில், இரண்டு நாற்காலி போட்டு, பின்னால் முற்றம் தெரிகிற மாதிரி இருவரையும் உட்கார வைத்து எடுத்தேன். போனுக்கு மாற்றிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சில் முகம் செங்கல் நிறம். அப்பத்தாவின் வெள்ளை முடி ரோஸ் அடிக்கிறது. ஐயாவின் கண்ணாடிச் சட்டம் கறுப்பு, அது காப்பிப்பொடி நிறத்தில் வருகிறது. மொத்தப் படமும் இருட்டு. போதாததற்குக் குறுக்கே மெல்லிசான வெள்ளைக் கோடுகள். தம்பி போனில் எடுத்த படங்களில் தலை உச்சி வெட்டுப்படுகிறது.

மை நிரப்பிப் பார்த்தேன். எடிட்டிங்கில் சிவப்பைக் குறைத்தேன், முகம் பச்சை பாரித்துவிட்டது. இதுவரை 16 தாள் வீண். தப்பு கேமராவிலா ப்ரிண்டரிலா என்றே பிடிபடவில்லை.

பதில் – பள்ளத்தூரிலிருந்து

இருட்டாக வருகிறது என்றால் ஃபிளாஷ் போட்டு எடுங்கள். எனக்கு அதில் சரியாகிவிட்டது.

பதில் – காரைக்குடியிலிருந்து, டிடிபி கடை வைத்திருப்பவர்

தம்பி, முதலில் எடிட்டிங்கை மூடி வையுங்கள். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. கறுப்பு காப்பிப்பொடி நிறமாகிறது, வெள்ளை ரோஸ் ஆகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சியான் என்கிற அந்த வெளிர் நீல மையைத்தான். அது ஒழுங்காக இறங்காவிட்டால் மெஜெந்தாவும் மஞ்சளும் மட்டும் தாளில் விழும். அவை இரண்டும் சேர்ந்தால் சிவப்புதானே. நிறைய இங்க் டேங்க் மாடல்களில் கறுப்பு மை எழுத்துக்கு மட்டும்தான். பளபளத் தாளில் படம் போடும்போது மற்ற மூன்றையும் கலந்துதான் கறுப்பு உண்டாக்கும். அதனால்தான் கண்ணாடிச் சட்டமும் நிறம் மாறியது. நீங்கள் மை நிரப்பியதால் பயனில்லை, தொட்டியில் மை இருந்தாலும் தாளில் மை தெளிக்கிற ஹெட்டின் துவாரம் அடைத்திருந்தால் வராது.

ப்ரிண்டர் மெனுவில் நாசில் செக் என்று இருக்கும். சாதாரண வெள்ளைத் தாளில் போடுங்கள். ஒவ்வொரு கலரிலும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்தக் கலரில் கோடு விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தாள் வகை என்று கேட்கிற இடத்தில் என்ன கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும். கடைசியாக ஒன்று: ப்ரிண்டரை எப்படி அணைப்பீர்கள்? அதிலுள்ள பட்டனிலா, சுவர் சுவிட்சிலா?

கேள்வி கேட்டவர்

ஆச்சி, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. மெஜெந்தாவும் மஞ்சளும் முழுதாக வந்தன. சியான் படிக்கட்டில் பாதிப் படியைக் காணோம். தாள் வகை பளபள என்றுதான் கொடுத்தேன்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். இந்த வீடு பொங்கலுக்கு, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு என்று திறப்பதுதான். ப்ரிண்டர் இங்கேயே இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் போட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது எல்லாச் சுவிட்சையும் அணைக்கிற மாதிரி இதையும் சுவரில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறோம்.

பதில் – காரைக்குடி

அங்கேதான் வினை. பட்டனில் அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய், கீழே இருக்கிற ரப்பர் மூடியில் உட்கார்ந்துகொள்ளும், காற்றுப் படாது. அச்சடிக்கிற நடுவிலோ முடிந்த கையோடோ சுவரில் அணைத்தால் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். நம் ஊர் கோடை வெயிலில் பூட்டின அறைக்குள் மை காயாமல் என்ன செய்யும். இனிமேல் பட்டனில் அணைத்து, விளக்கு நின்ற பிறகுதான் சுவர் சுவிட்ச்.

இப்போது ஹெட் கிளீனிங் ஒரு முறை, பிறகு நாசில் செக். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அதோடு நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஊறின மை தானாக இளகும், காலையில் மூன்றாவது முறை போடலாம். அவசரப்பட்டுப் பத்து முறை போட்டால் மை முழுதும் உள்ளே இருக்கிற கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் ப்ரிண்டரே வேலையை நிறுத்திவிடும். வெந்நீர் ஊற்று, ஸ்பிரிட் ஊற்று என்று வீடியோவில் காட்டுவதைச் செய்யாதீர்கள், கெட்டுப்போய் என் கடைக்கு வருவதில் பாதி அப்படிச் செய்ததுதான்.

அப்புறம் பள்ளத்தூர் அன்பர் சொன்ன ஃபிளாஷ் பற்றி எனக்கு வேறு கருத்து. படம் எடுப்பதில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்

சியான் வந்துவிட்டது! ராத்திரி இரண்டு முறை, மூன்று படி மட்டும் பாக்கி நின்றது. காலையில் மூன்றாவது முறையில் படிக்கட்டு முழுசு. அதே படத்தைத் திரும்பப் போட்டேன். கண்ணாடிச் சட்டம் கறுப்பு, முடி வெள்ளை, கோடுகள் இல்லை. ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் இரண்டு குறை இன்னும் இருக்கிறது. முகம் இன்னும் இருட்டு. அப்பத்தாவின் தாடைக்குக் கீழும் மூக்கின் அடிப்பக்கமும் கொஞ்சம் சிவப்பு நிற்கிறது. நெற்றியில் இல்லை.

பதில் – தேவகோட்டையிலிருந்து, முன்பு ஸ்டுடியோ வைத்திருந்தவர்

தம்பி, கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பு என்றால் அதற்கு ப்ரிண்டரைக் கேட்காதீர்கள், தரையைப் பாருங்கள். உங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல்தானே? என்ன நிறம்?

கேள்வி கேட்டவர்

ஆமாம் அண்ணே. சிவப்பு, நடுவில் மஞ்சள் பூ. அன்றைக்கு முற்றத்து வெயில் நாற்காலிக்கு இரண்டடி முன்னால் வரைக்கும் விழுந்திருந்தது.

பதில் – தேவகோட்டை

அதுதான் விஷயம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் கலர்க் கலவை ஊற்றித்தான் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வெயில் அதில் விழுந்தால் கல்லின் நிறத்தையும் சேர்த்து மேலே அனுப்பும், அது தாடையில் போய் நிற்கும். நம் கண் அதைக் கழித்துவிட்டுப் பார்த்துப் பழகியது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இதற்கு மருந்து உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. வெளுத்த எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, அவர்கள் காலுக்கு முன்னால், படத்தில் விழாத இடத்தில் தரையில் விரியுங்கள். சிவப்பு போய்விடும். கண்ணுக்கடியில், கழுத்துக்கடியில் இருக்கிற நிழலும் இளகும். வயதானவர்கள் முகத்துக்கு இது எத்தனை நல்லது என்று போட்டுப் பார்த்தால் தெரியும். பட்டு வேட்டி வேண்டாம், அது பழுப்பு கலந்தது. நீலம் தூக்கலாகப் போட்டதும் வேண்டாம்.

இருட்டுக்குக் காரணம் நீங்கள் உட்கார வைத்த திசை. பின்னால் முற்றம் பளிச்சென்று இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்கு அளவு பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். நாற்காலியைத் திருப்புங்கள். அவர்கள் முற்றத்தைப் பார்த்து உட்காரட்டும், தாழ்வாரத்து ஓரத்திலிருந்து மூன்று நான்கடி உள்ளே. முற்றத்துப் பக்கம் முதுகைக் காட்டி நீங்கள் நில்லுங்கள். நேரம் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள், வெயில் தரைக்கு இறங்குமுன். அப்போது வானத்து வெளிச்சம் மட்டும் மேலிருந்து பரவலாக இறங்கும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கண்ணாடிக் கூரை போட்டு உண்டாக்கின வெளிச்சம் அது. உங்களுக்கு வீட்டோடு கிடைத்திருக்கிறது.

வளவில் எரிகிற பல்பு எல்லாவற்றையும் அணையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கணக்கில் மஞ்சள் பல்பு சுமார் 2800 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம், எதை வைத்தும் திருத்த முடியாது. கதவுக்கு மேலே கலர்க் கண்ணாடி இருந்தால் அதன் நிறம் யார் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். எல்லாம் ஆனதும் ஐயா முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுப்பது அது.

லென்ஸ் ஜூம் 45-50 பக்கம், லென்ஸ் திறப்பு எஃப் 5.6 அல்லது 8, ஷட்டர் வேகம் 1/125 செகண்டுக்குக் குறையாமல். ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ 800 வரை போனாலும் 4x6-இல் புள்ளி புள்ளியாக ஒன்றும் தெரியாது. 18-இல் வைத்து நெருங்கிப்போய் எடுக்காதீர்கள், மூக்கு பெரிதாகும், ஓரத்தில் நிற்பவர் அகலமாவார்.

ஃபிளாஷ் நம் வீடுகளில் உதவாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், பாலிஷ் போட்ட தேக்குத் தூண், பெரிய கண்ணாடி, எல்லாம் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். மேலே திருப்பிவிடலாம் என்றால் கூரையும் மர நிறம். திரும்பி வருகிற வெளிச்சம் பழுப்பாக வரும்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை எட்டே முக்காலுக்கு எடுத்தேன் அண்ணே. ஐயாவின் வேட்டியையே விரித்தேன். "என் வேட்டியை ஏண்டா தரையில போடுற" என்று ஐயா கேட்க, அப்பத்தா சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்போடு ஒரு படம் கிடைத்தது. தாடையில் சிவப்பு சுத்தமாக இல்லை. அப்பத்தாவின் கண்டாங்கிக் கட்டத்தில் அரக்கும் கடுகு மஞ்சளும் நேரில் பார்க்கிற மாதிரியே இருக்கிறது.

அச்சு மட்டும் போனில் பார்ப்பதைவிட ஒரு பிடி இருட்டு. தம்பி படங்களில் தலை வெட்டுப்படுவதும் அப்படியே.

பதில் – காரைக்குடி

போன் திரை தானே ஒளிவிடுவது, தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் காட்டும். திரை வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த அச்சும் இருட்டுதான். முற்றத்து ஓரமாக உட்கார்ந்து, திரையில் வெறும் வெள்ளையைத் திறந்து, பக்கத்தில் ஒரு போட்டோ பேப்பரைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற வரை திரையைக் குறையுங்கள். இனி அந்த அளவில் வைத்துத்தான் எடிட் செய்ய வேண்டும். முடிந்தால் லேப்டாப்பில் செய்யுங்கள், சில போன்கள் கலரை ஏற்றிக் காட்டும். கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் என்கிற நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி என்றே இருக்கட்டும்.

தலை வெட்டு வெறும் கணக்குதான். உங்கள் கேமராப் படம் 3:2, அது 4x6-க்கு அப்படியே பொருந்தும். போன் படம் பெரும்பாலும் 4:3. ஆறு அங்குல அகலத்துக்கு விரித்தால் உயரம் நாலரை அங்குலம் வரும். தாள் நான்குதான். மேலே கால், கீழே கால் போய்விடும். பார்டர்லெஸ் என்று கொடுத்தால் ஓரம் விடாமலிருக்க இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வெட்டும். தலைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். படத்தை வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பி என் கடைக்கு வருகிற படம் அநேகமாக நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருக்கும். 4x6-க்குத் தாங்கும், ஏ4-க்கு அங்குலத்துக்கு 140 கூட வராது.

கேள்வி கேட்டவர்

எல்லாம் சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. முகப்பில் பாட்டையா படம் ஒன்று தொங்குகிறது, 1942-க்கு முன்னால் ரங்கூனில் எடுத்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதை வைக்க வேண்டும் என்கிறார் ஐயா. சட்டத்தைக் கழற்றினேன், படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. மெதுவாக உரிக்கலாமா?

பதில் – தேவகோட்டை

கை வைக்காதீர்கள் தம்பி! படம் இருக்கிற ஜெலட்டின் படலம்தான் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

கண்ணாடியை மேலே மட்டும் மெல்லிசான துணியால் துடைத்து, படத்தைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் 45 டிகிரியில் வரட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. நேர் எதிரில் இருப்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும் என்பதால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவும் நீங்களும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்து, லென்ஸ் 50-இல், எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, இரண்டு செகண்ட் டைமர். படத்தின் நான்கு ஓரமும் திரையின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சில் சுத்தக் கறுப்பு வெள்ளையாகப் போட்டால் நான்கு கலர் ப்ரிண்டரில் லேசாகப் பச்சையோ ரோஸோ அடிக்கும். பழைய படத்தின் பழுப்பைக் கொஞ்சம் வைத்துக்கொண்டே போடுங்கள், அந்தக் குறை கண்ணில் படாது. புது அச்சுக்குச் சட்டம் போடுவதென்றால் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வையுங்கள். பாட்டையா படம் ஒட்டிக்கொண்டது அந்த இடைவெளி இல்லாமல்தான்.

கேள்வி கேட்டவர்

எடுத்துவிட்டேன் அண்ணே. கறுப்புப் போர்வையை வெட்ட அப்பத்தா விடவில்லை, பழைய குடைத்துணியைக் கொடுத்தார்கள், ஓட்டை போட அதுவே வசதியாக இருந்தது. ஏ4-இல் போட்டு ஐயா கையில் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, பாட்டையாவின் சுண்டுவிரல் மோதிரத்தைக் காட்டி, அது இப்போது பினாங்குச் சித்தப்பா கையில் இருக்கிறது என்றார். சுவரில் தொங்கினபோது அந்த மோதிரத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு என்று தனியாக ஓர் ஏ4 போடச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் நாசில் செக் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.