டார்ஸ் மேற்குக் கரைக்குக் கிளம்பும் முன்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரோஸ்டோக்கில் மேற்படிப்புக்கு வந்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டிருந்தார். "அண்ணா, கடற்கரைன்னு வார்னமுண்டே போனேன், ஒரே கூட்டம், ஹோட்டல், கப்பல். மனுஷன் கொஞ்சம் அமைதியா உட்கார ஒரு இடம் இருந்தா சொல்லுங்க." பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்று தனியாகவே போடுகிறேன்.

இடத்தின் பெயர் டார்ஸ் மேற்குக் கரை. இங்குள்ளவர்கள் வெஸ்ட்ஸ்ட்ராண்ட் என்பார்கள். டார்ஸ் என்பது ரோஸ்டோக்குக்கும் ஸ்ட்ரால்சுண்டுக்கும் நடுவே பால்டிக் கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் போடன் என்கிற காயல். அதன் மேற்கு ஓரம் முழுக்க, பத்து கிலோமீட்டருக்கும் மேலே, மணல் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடும். இடையில் ரோடு கிடையாது. கடை, விளக்குக் கம்பம், கழிப்பறை, உயிர்காக்கும் காவலர் எதுவும் கிடையாது. 1990 அக்டோபர் 1 அன்று, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு இரண்டு நாள் முன்னால், இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. அதனால்தான் இன்னும் யாரும் அங்கே ஓட்டல் கட்டவில்லை.

முதலில் போக்குவரத்து. நாடு முழுக்க சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் தனிச் செலவு இல்லை. ரோஸ்டோக்கிலிருந்து ஸ்ட்ரால்சுண்ட் பக்கம் போகும் சாதாரண ரயிலில் ஏறி ரிப்னிட்ஸ்-டாம்கார்டன் வெஸ்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஆரன்ஸ்ஹோப் அல்லது ப்ரேரோ என்ற கடலோர ஊருக்குப் போகலாம். பெர்லின், ஹாம்பர்க்கில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான், ஆனால் ஒரே நாளில் போய்வருவது அலைச்சல், ஒரு இரவு தங்குங்கள். காரில் போனாலும் கடல் வரை ஓட்ட முடியாது. ட்ராய் ஐஷன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நாலைந்து கிலோமீட்டர் நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ வேண்டும். இந்த ஊர்களில் கூர்டாக்ஸே என்று தலைக்கு ஒரு சிறு தொகை வாங்குவார்கள், பகல் மட்டும் வந்துபோகிறவர்களும் கட்ட வேண்டும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பஸ் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன். வந்த முதல் வருடம், அக்டோபர் கடைசியில், அறை நண்பனோடு போனேன். அதற்கு முந்தைய ஞாயிறுதான் கடிகாரத்தைக் குளிர்கால நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். போன வாரம் ஆறு மணிக்குக்கூட வெளிச்சம் இருந்ததே என்ற நினைப்பில் நிதானமாக நடந்தோம். ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது. அதைவிட மோசம், எந்த இடத்தில் காட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கினோம் என்றே தெரியவில்லை. மணலில் நின்று திரும்பிப் பார்த்தால் எல்லா மேடும் ஒரே மாதிரி, எல்லா மரமும் ஒரே மாதிரி. குளிரில் போன் அணைந்துவிட்டது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் அலைந்து, வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை அவன் அடையாளம் கண்டதால் வழி கிடைத்தது. கடைசி பஸ் போயிருந்தது. அன்று டாக்சிக்குக் கொடுத்த காசில் இரண்டு வார மளிகை வாங்கியிருக்கலாம்.

அதனால், இறங்கும் இடத்தை கடல் பக்கமிருந்து திரும்பி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனை உள் சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். காட்டின் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. அன்றைக்கு சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ஜூனில் இந்தக் கவலையே இல்லை, இரவு ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும்.

சரி, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் மரங்கள். மேற்குக் காற்று வருடம் முழுக்க ஒரே பக்கமிருந்து அடிப்பதால் கரையோர மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து, தலைமுடியை ஒரு பக்கமாக வாரிவிட்டது போல நிற்கும். காற்றுக்கு ஓடுகிறவை என்ற பொருளில் இதற்கு விண்ட்ஃப்ளூஷ்டர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கடல் அரிக்க அரிக்க ஓரத்து மரம் வேர் தொங்கி நிற்கும், அடுத்த புயலில் மணலில் விழும், பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும். யாரும் எடுப்பதில்லை. இங்கே அரித்த மணலை நீரோட்டம் வடக்கே கொண்டுபோய் டார்ஸர் ஓர்ட் என்ற முனையில் சேர்க்கிறது, அங்கே புது நிலம் வளர்ந்துகொண்டே போகிறது. சென்னைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றதும் இதே கணக்குதான். இங்கே குறுக்கே துறைமுகம் இல்லாததால் கடல் தன் போக்கில் எடுத்துக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. அந்த முனைக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு, ஏறிப் பார்க்கலாம், கீழே சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ப்ரேரோவிலிருந்து அந்தப் பக்கம் போனால் குதிரை வண்டியும் கிடைக்கும்.

போன மே மாதம் அம்மா வந்திருந்தார், அழைத்துப் போனேன். புடவைக்கு மேல் என் பெரிய ஜாக்கெட், காதுக்கு மங்கி தொப்பி. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு சுண்டல்காரன் கூட இல்லையேடா" என்றார். அப்புறம் அலை ஓரத்துக்குப் போய்க் குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "என்னடா இது, உப்பே இல்லை! ரசத்துக்குப் பத்தாது போலிருக்கே." அவர் சொன்னது சரிதான். நிறைய ஆறுகள் வந்து கலப்பதாலும், பெருங்கடலோடு குறுகிய வாசல் வழியாக மட்டும் சேர்ந்திருப்பதாலும், பால்டிக்கின் இந்தப் பகுதியில் உப்பு சுமார் 1 சதவீதம்தான். நம் கடலில் 3 சதவீதத்துக்கு மேல். ஓதம் ஏறி இறங்குவதும் அநேகமாகத் தெரியாது. அம்மா அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் அவர்.

குளிப்பது பற்றி. தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள். கோடையிலேயே தண்ணீர் பெரும்பாலும் 17 முதல் 20 டிகிரிதான், மே மாதத்தில் இன்னும் குறைவு. கிணற்றிலும் ஆற்றிலும் குதித்து வளர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் பாய்ந்துவிடுவார்கள். குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டதும் மூச்சு தன்னால் இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் உதவாது. காலை நனைத்து, மெதுவாக இடுப்பு வரை போய், மூச்சு சீரானதும் திரும்பிவிடுங்கள். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம், அலை கரைக்கு வந்து திரும்பும்போது காலை வாரும். அவசரத்துக்கு 112. ஆனால் உதவி காடு தாண்டி வர நேரமாகும்.

ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார், அங்கே ஆடையில்லாமல் இருப்பார்களாமே, மாமனார் மாமியாரோடு போகலாமா என்று. ஆமாம், கோடையில் இருப்பார்கள். பழைய கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்தே இங்கே இது குடும்பத்தோடு செய்கிற சாதாரண விஷயம், இதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. உங்கள் உடையில் நீங்கள் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முறைத்துப் பார்க்காதீர்கள், அவர்கள் இருக்கும் திசையில் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் செப்டம்பர் கடைசியில் போங்கள். அந்தக் குளிரில் எல்லோரும் நம்மைப் போலத்தான் மூடிக்கொண்டு வருவார்கள். அதோடு அந்த மாதம் காட்டுக்குள் ஆண் சிவப்பு மான்கள் துணைக்காகக் கத்துவது கேட்கும், வடக்கிலிருந்து வரும் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் காயலில் தங்கும், அந்தியில் கூட்டம் கூட்டமாகக் கூவிக்கொண்டு தலைக்கு மேல் போகும். என்னைக் கேட்டால் அதுதான் சரியான மாதம்.

புயலுக்கு மறுநாள் போனால் கறுப்பாக ஒதுங்கிய பாசியிலும் மரத்தூளிலும் குனிந்து தேடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். பெர்ன்ஸ்டைன், அதாவது அம்பர், கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய மரப்பிசின். தேடுவது சந்தோஷம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தக் கடலில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகளிலிருந்து வந்த வெள்ளை பாஸ்பரஸ் துண்டுகளும் ஒதுங்குவதுண்டு, யூசடோம் தீவுப் பக்கம்தான் அதிகம். பார்க்க அசல் அம்பர் போலவே இருக்கும். ஈரம் இருக்கும்வரை பேசாமல் இருக்கும், காய்ந்து உடம்புச் சூடு பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும். எதைப் பொறுக்கினாலும் கால்சட்டைப் பையில் போடாதீர்கள், பிள்ளைகளையும் போட விடாதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அதையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக் கொண்டுவாருங்கள்.

சாப்பாடு கையோடு கட்டிக்கொண்டு போங்கள், ஞாயிறன்று வழியில் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். எலுமிச்சை சாதம் அந்தக் குளிரில் கல்லாகிவிடும். தெர்மாஸில் மிளகு ரசம், கூடவே சப்பாத்திச் சுருள், இதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. குப்பைத் தொட்டி கிடையாது, இலை டிஷ்யூ வரை எல்லாம் உங்களோடேயே திரும்பி வர வேண்டும். நெருப்பு மூட்டக் கூடாது, கூடாரம் போடக் கூடாது, பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. புல்லிலும் பெரணியிலும் உரசி நடந்தால் உண்ணி ஏறும், அதனால் நீளக் கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் சில நாளிலோ சில வாரத்திலோ சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள், உண்ணிக்கடியால் வரும் அந்த நோயை இங்கே போரலியோஸ் என்பார்கள், அப்படிச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

கடைசியாக சைக்கிள் விஷயம், அந்தத் தம்பி இதையும் கேட்டிருந்தார். ப்ரேரோவில் வாடகைக்குக் கிடைக்கும், எடுக்கும்போது பெடலைப் பின்னால் மிதித்துப் பாருங்கள். இங்கே பல வண்டிகளில் பின்னால் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். நம் பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெடலைப் பின்னுக்குச் சுழற்றிவிட்டால் வண்டி சடாரென்று நின்று ஆள் கவிழ்வார். கடலுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டிவிட்டு மீதியை நடக்க வேண்டும். போகும்போது பெரும்பாலும் எதிர்காற்று, மூச்சு வாங்கும், திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே போகிற வழிக்கு நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி.