மோட்சார்ட் கிளாரினெட் குவிண்டெட் கேசட்: சுருதி அரைக் கட்டை தள்ளி வருகிறது, எதை நம்புவது?

ராயபுரம் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கோயில் பேண்டில் என் மகன் கிளாரினெட் வாசிக்கிறான். திருவிழா மாலைக்கு மோட்சார்ட்டின் கிளாரினெட் குவிண்டெட்டில் (கிளாரினெட்டும் நாலு தந்தி வாத்தியமும் சேர்ந்து வாசிப்பது) வரும் இரண்டாம் பகுதியை, அந்த மெதுவான லார்கெட்டோவை, மாஸ்டர் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு உருப்படிக்கும் சுருதி, வேகம், பாவம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு செயலியில் போட்டேன். ஈ பிளாட் மேஜர், நிமிடத்துக்கு 81 தட்டு, சோகம் என்று வந்தது.

கேசட் அட்டையில் ஏ மேஜர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. செயலிதான் தப்பு என்று விட்டிருப்பேன். ஆனால் மகன் நோட்டைப் பார்த்துக் கேசட்டோடு வாசித்தால் இம்மி பிசகாமல் ஒட்டுகிறது. அப்படியென்றால் அட்டை தப்பா? கையில் தட்டிப் பார்த்தால் 81 வேகம் வருவதே இல்லை. சோகம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இதைக் கேட்டால் எனக்கு மனசு அடங்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வயலின்:
அட்டை சரிதான் சார். ஏ மேஜர் என்பது முழு உருப்படிக்கும் வைத்த சுருதி. முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் அதில் இருக்கும். லார்கெட்டோ மட்டும் டி மேஜர். நம் கணக்கில் 2 கட்டை. உங்களுக்கு ஈ பிளாட், அதாவது 2½ வருகிறது, அரைக் கட்டை ஏறியிருக்கிறது. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மகன் வைத்திருப்பது பி பிளாட் கிளாரினெட்டா? நோட்டின் மேலே ஏ கிளாரினெட் என்று இருக்கிறதா? அட்டையில் ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ராயபுரம் அப்பா:
இரண்டுக்கும் ஆமாம் அண்ணா. அட்டையில் லார்கெட்டோ 6 நிமிடம் 43 வினாடி. நான் ஏற்றிய கோப்பு 6 நிமிடம் 20 வினாடி.

வியாசர்பாடி சவுண்ட்:
அந்த 23 வினாடியில் இருக்கிறது விடை. 403 வினாடியை 380-ஆல் வகுத்தால் 1.06. டேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி சரியாக அரைக் கட்டை ஏறும். உங்கள் டெக், அதாவது கேசட் பிளேயர், வேகமாக ஓடுகிறது. கேசட்டுக்கு நிர்ணயித்த வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பெல்ட் தளர்ந்தால் டேப் இழுக்கும், மெதுவாகும். வேகமாக ஓடினால் மோட்டாரின் வேக செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். பல மோட்டார்களின் பின்பக்கத்தில் சின்னத் துளை இருக்கும், அதற்குள் இருக்கும் திருகைத் திருப்பினால் வேகம் மாறும். பழக்கம் இல்லையென்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கோப்பை இப்போதே சரிசெய்யலாம். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்ட்டை எடுத்து 0.944 என்று கொடுங்கள். அதாவது 5.6 சதவீதம் குறைப்பது. ஏறியது 6 என்று 6-ஐக் குறைத்தால் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிடும்.

81 விஷயம்: செயலி ஒரு தட்டை இரண்டாக எண்ணியிருக்கிறது. மெதுவான இசையில் அடியில் ஓடும் வயலின்கள் ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால், செயலி அந்தச் சுரங்களையே தட்டு என்று பிடித்துக்கொள்ளும். பாதியாக்கினால் 40 சொச்சம், டேப் வேகத்தையும் கழித்தால் 38. மூன்று தட்டு ஒரு ஆவர்த்தமாகப் போட்டுப் பாருங்கள், கைக்கு ஒத்து வரும்.

பெரம்பூர் வயலின்:
மகன் வாசிப்பு ஏன் ஒட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாஸ்டருக்கு இதுதான் முக்கியம். ஏ கிளாரினெட்டுக்கு எழுதிய நோட்டை பி பிளாட் கிளாரினெட்டில் அப்படியே வாசித்தால் அரைக் கட்டை மேலே ஒலிக்கும். டேப்பும் அரைக் கட்டை மேலே. இரண்டும் ஒரே அளவு விலகியதால் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. திருவிழா அன்று வயலின்கள் டி மேஜரில் ஆரம்பித்தால் தம்பி மட்டும் ஈ பிளாட்டில் நிற்பான். பி பிளாட் வாத்தியத்திலேயே வாசிக்க வேண்டுமென்றால் ஏ கிளாரினெட்டுக்காக எஃப் மேஜரில் எழுதியிருக்கும் நோட்டை ஈ மேஜருக்கு மாற்றி எழுத வேண்டும். நாலு ஷார்ப், பிள்ளைக்கு விரல் சிக்கும். ஏ கிளாரினெட் இரவல் கிடைத்தால் அதுவே நல்லது.

கொடுங்கையூர் நாதம்:
எங்கள் வீட்டில் நாதஸ்வரம், அதனால் பாவம் பற்றி மட்டும் பேசுகிறேன். இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் வேகம், சத்தம், ஒலியின் பிரகாசம் இவற்றை வைத்துத்தான் பெயர் சூட்டும். மெதுவாக, சன்னமாக இருந்தால் சோகம் என்று எழுதிவிடும். இந்தப் பகுதியில் வயலின்களில் மியூட், அதாவது ஒலியை அடக்கும் சின்னக் கருவி, மாட்டச் சொல்லியிருக்கிறார் மோட்சார்ட். சத்தம் மட்டுப்பட்டு, ஒலி மங்கலாக வருவது அதனால். அந்த மங்கலின் மேல் கிளாரினெட் நீளமாகப் பாட வேண்டும் என்பதற்காகச் செய்தது. நடுவில் முதல் வயலினும் கிளாரினெட்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இடத்தைக் கேளுங்கள், அங்கே துக்கம் எங்கே இருக்கிறது? சுர வரிசையும் நம் சங்கராபரணத்தின் ஏழு சுரம்தான். நான் எழுதினால் "சாந்தம், கொஞ்சம் ஏக்கம்" என்று எழுதுவேன். ஏ.கே.சி. நடராஜன் ஐயா கிளாரினெட்டில் விளம்பகாலம் வாசித்ததைத் தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள். பதறாமல் மூச்சை விடுவது எப்படி என்று காதாலேயே புரியும்.

ராயபுரம் அப்பா:
0.944 கொடுத்தேன், 6 நிமிடம் 43 வினாடி வந்துவிட்டது. செயலியும் இப்போது டி மேஜர் என்கிறது. தாளில் "டி மேஜர், மூன்று தட்டு, 38, சாந்தம்" என்று எழுதிவிட்டேன். ஏக்கத்தை மாஸ்டரிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன். அவரிடம் ஏ கிளாரினெட் ஒன்று இருக்கிறதாம், ஞாயிறு பூசை முடிந்து தருகிறேன் என்றார். அதுவரை மகன் எதை வைத்துப் பழகட்டும்?

வியாசர்பாடி சவுண்ட்:
பழைய கோப்பை அழிக்காதீர்கள். திருத்திய கோப்பில் ஒரு நகல் எடுத்து, வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் அரைக் கட்டை ஏற்றிக் கொடுங்கள். பி பிளாட்டில் அதே நோட்டை 38 வேகத்திலேயே பழகுவான். ஏ கிளாரினெட் கைக்கு வந்ததும் திருத்திய கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.

பெரம்பூர் வயலின்:
ஏ கிளாரினெட் வந்ததும் எடுத்த எடுப்பிலேயே சுருதி சேர்க்க உட்காராதீர்கள் சார். கொஞ்ச நேரம் ஊதி வாத்தியம் சூடேறிய பிறகு பாருங்கள். குளிர்ந்த கிளாரினெட் சுருதி இறங்கித்தான் பேசும்.