டேப்லெட்டின் ஒலிப் பொத்தான்களில் ஒன்று மட்டும் மாற மறுக்கிறது

மெய்ப்புக்காரன் எழுதியது:

வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். நடுவில் மடிக்கணினி, அதில் தட்டச்சுப் பிரதி. இடப்பக்கம் ஒரு தாங்கியில் டேப்லெட், அதில் மூலநூலின் ஸ்கேன். பழைய பதிப்புகளில் ஓர் எழுத்து துணைக்காலா ரகரமா என்று தெரிந்துகொள்ளவே பக்கத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக்கிய பிறகு விரலால் தள்ளினால் பக்கம் திரும்புவதில்லை, படம்தான் நகர்கிறது. வேகமாகத் தள்ளினால் இரண்டு பக்கம் தாவிவிடுகிறது. ஒரு பக்கத்தைத் தவறவிட்டேன் என்றால் அச்சான பிறகு ஆசிரியருக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே ஒலிப் பொத்தானை அழுத்தினால் பக்கம் திரும்ப வேண்டும். குறிப்பெழுதும் வசதிக்காக நான் பயன்படுத்தும் பிடிஎஃப் செயலியில் இதற்கான அமைப்பு இல்லை. ஆனால் புளூடூத் விசைப்பலகையின் 'பேஜ் டவுன்' விசைக்கு அந்தச் செயலி ஒழுங்காகப் பக்கம் திருப்புகிறது. பொத்தானிலிருந்தும் அதே சமிக்ஞை போனால் போதும் என்று தோன்றியது.

கருவி 2018இல் வந்த 8 அங்குல டேப்லெட், குவால்காம் சிப். லினேஜ் ஓஎஸ் 18.1 என்ற மாற்று இயங்குதளம், அதாவது ஆண்ட்ராய்டு 11. மேஜிஸ்க் என்ற மென்பொருள் மூலம் ரூட் செய்தது, அதாவது முழு நிர்வாக உரிமை பெற்றது. சேமிப்பகத்தின் வெண்டார் பகுதியில் ஜிபிஐஓ-கீஸ்.கேஎல் என்ற கோப்பு இருந்தது, எந்தப் பொத்தான் எண்ணுக்கு எந்த வேலை என்று சொல்வது. அதில் 114 (ஒலி குறைப்பு), 115 (ஒலி கூட்டல்) ஆகிய இரண்டு வரிகளையும் மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். மேல் பொத்தான் சொன்னபடி பக்கம் திருப்புகிறது. கீழ்ப் பொத்தானோ முன்போலவே ஒலியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே கோப்பு, அடுத்தடுத்த வரிகள். ஒன்று கேட்கிறது, மற்றொன்று கேட்கவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பவர் பொத்தான் உள்ளே அமிழ்ந்துவிட்டது, நகநுனியால் குத்தினால்தான் திரை விழிக்கிறது. முடிந்தால் ஒலிப் பொத்தான்களில் ஒன்றைத் திரையை எழுப்பவும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். வழி உண்டா?

---

வேப்பம்பூ எழுதியது:

ஐயா, இவ்வளவு சிரமம் எதற்கு? கீ மேப்பர் என்ற திறமூலச் செயலி இருக்கிறது. ரூட்கூடத் தேவையில்லை. அணுகல்தன்மைச் சேவையை இயக்கிவிட்டால் ஒலிப் பொத்தான் போன்றவற்றுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஒருமுறை அழுத்தினால் ஒன்று, இருமுறை அழுத்தினால் வேறொன்று என்றும் வைக்கலாம். நான் கைபேசியில் டார்ச் எரிய அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

---

திருகாணி எழுதியது:

கோவில்பட்டியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். பொத்தான் அமிழ்ந்த கருவிகள் என் மேசைக்கு வராத வாரம் கிடையாது.

முதலில் வேப்பம்பூ சொன்னதற்கு ஒரு வார்த்தை. கீ மேப்பர் நல்ல செயலி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அணுகல்தன்மைச் சேவைக்குத் திரை அணைந்திருக்கும்போது பொத்தான் அழுத்தியது தெரியாது. அதற்கு அந்தச் செயலிக்கும் ரூட் போன்ற கூடுதல் உரிமை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரூட் கையில் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு செயலியை எப்போதும் ஓடவிடுவானேன்? வேரிலேயே மாற்றிவிடலாம்.

இனி மெய்ப்புக்காரர் ஐயாவுக்கு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு ஒலிப் பொத்தான்களும் வெளியே ஒரே பட்டையாகத் தெரிந்தாலும், உள்ளே இரண்டு வெவ்வேறு சாதனங்களைச் சேர்ந்தவை. குவால்காம் சிப் உள்ள பல கருவிகளில் இந்த ஏற்பாடுதான். ஒலி கூட்டும் பொத்தான் ஜிபிஐஓ-கீஸ் என்ற சாதனத்தில் இருக்கும். ஒலி குறைக்கும் பொத்தானோ பவர் பொத்தானோடு சேர்ந்து கியூபிஎன்பி_பிஓஎன் என்ற சாதனத்தில் இருக்கும். மின்சாரத்தை நிர்வகிக்கும் தனிச் சிப்பில்தான் அந்த இரண்டும் போய்ச் சேர்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கருவி உறைந்து கிடந்தாலும் மறுதொடக்கம் ஆவது அதனால்தான்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஏடிபி ஷெல்லிலோ (கணினியிலிருந்து கருவிக்குக் கட்டளை கொடுக்கும் வழி) டெர்மினல் செயலியிலோ ரூட் உரிமையோடு 'கெட்இவென்ட் -எல்' என்று தட்டிவிட்டு, கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். வால்யூம்டவுன் என்ற பெயரோடு 'டவுன்' என்று ஒரு வரியும், விட்டவுடன் 'அப்' என்று இன்னொரு வரியும் வரும். வரியின் தொடக்கத்தில் எந்த இவென்ட் எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல் பொத்தானுக்கு அந்த எண் வேறாக இருக்கும். '-எல்' போடாமல் தட்டினால் எண்களாக வரும். 0072 என்று கண்டால் மிரள வேண்டாம், அது பதினாறடிமான எண், நம் கணக்கில் 114. 0073 என்பது 115, 0074 என்பது 116, அதாவது பவர்.

அடுத்து 'டம்ப்சிஸ் இன்புட்'. நீளமாக ஓடும். அதில் ஒவ்வொரு சாதனத்தின் கீழும் கீலேஅவுட்ஃபைல் என்ற வரி, அந்தச் சாதனம் உண்மையில் எந்தக் கோப்பைப் படித்தது என்று சொல்லும். கியூபிஎன்பி_பிஓஎன்னுக்கு நேரே ஜெனரிக்.கேஎல் என்று இருக்கும் என்பது என் கணிப்பு. தன் பெயரில் கோப்பு இல்லாத சாதனங்கள் எல்லாம் ஒதுங்கும் பொது இடம் அது.

உடனே ஜெனரிக்கைத் திறந்து 114ஐ மாற்றிவிடத் தோன்றும். வேண்டாம். உங்கள் புளூடூத் விசைப்பலகை, இயர்போன் வடத்தில் உள்ள பொத்தான் என்று தனிக் கோப்பு இல்லாத எல்லாவற்றுக்கும் அதுவே பொது. பாட்டின் ஒலியைக் குறைக்கப் போனால் பக்கம் திரும்பும்.

செய்ய வேண்டியது இதுதான். /டேட்டா/சிஸ்டம்/டிவைசஸ்/கீலேஅவுட்/ என்ற அடைவை உண்டாக்கி, அதில் கியூபிஎன்பி_பிஓஎன்.கேஎல் என்ற பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். ஆண்ட்ராய்டு சிஸ்டம், வெண்டார் முதலிய பகுதிகளில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் இங்கேயும் பார்க்கும். ஜெனரிக்குக்குப் போவது அதற்கும் பிறகுதான். கோப்பில் இரண்டே வரிகள் போதும்:

கீ 114 பேஜ்_டவுன்
கீ 116 பவர்

இரண்டாவது வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தனிக் கோப்பு வைத்தால் அந்தச் சாதனம் ஜெனரிக்கைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. 114ஐ மட்டும் எழுதிவிட்டு, பவர் பொத்தான் செத்துவிட்டது என்று மதர்போர்டு மாற்ற என்னிடம் ஒருவர் வந்திருக்கிறார். கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

கோப்பின் உரிமை 644, உடைமையாளர் சிஸ்டம். பிறகு அந்த அடைவின் மேல், பாதுகாப்பு முத்திரையைச் சரிசெய்யும் 'ரீஸ்டோர்கான் -ஆர்' கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டு மறுதொடக்கம். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் மொத்தக் கோப்பையும் ஒதுக்கிவிட்டுச் சத்தமில்லாமல் ஜெனரிக்குக்குப் போய்விடும். மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி டம்ப்சிஸ் பாருங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் வெண்டார் பகுதிக்குள் நேரடியாகத் திருத்திய ஜிபிஐஓ-கீஸ், புதுப்பிப்பில் அந்தப் பகுதி மீண்டும் எழுதப்பட்டால் பழையபடி ஆகிவிடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருப்பதால் டேட்டா வழி அதற்குச் செல்லாது. மேஜிஸ்க் தொகுதியாக வையுங்கள்: /டேட்டா/ஏடிபி/மாட்யூல்ஸ்/ உள்ளே ஒரு அடைவு, அதில் மாட்யூல்.ப்ராப், அதனுடன் சிஸ்டம்/வெண்டார்/யூஎஸ்ஆர்/கீலேஅவுட்/ என்ற வரிசையில் திருத்திய கோப்பு. தொடக்கத்தின்போது மேஜிஸ்க் அதை மேலே போர்த்திவிடும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

திரையை எழுப்ப 'பவர்' என்று போடாமல் 'வேக்அப்' என்று போடுங்கள். பவர் என்றால் அணைந்த திரை எரியும், எரிகிற திரை அணையும். படிக்கும்போது கை பட்டால் இருண்டுவிடும். வேக்அப் எழுப்பும், அணைக்காது. அணைப்பதற்கு லினேஜில் நிலைப்பட்டையை இருமுறை தட்டும் அமைப்பு இருக்கிறது. எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்பது உங்கள் வசதி.

பவர் பொத்தானை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதன் ஃப்ளெக்ஸ் பட்டை விலை குறைவுதான். ஆனால் பசை போட்டு ஒட்டிய கருவியைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். பழைய டேப்லெட்டில் திரை பிழைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பிழைப்பு அதை நம்பி என்றால் பிரிக்காமல் ஓட்டுங்கள்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

நன்றி. டம்ப்சிஸில் நீங்கள் கணித்தபடியே ஜெனரிக் என்றுதான் இருந்தது. டேட்டா அடைவில் கோப்பை வைத்ததும் கீழ்ப் பொத்தான் பக்கம் திருப்ப ஆரம்பித்துவிட்டது. தட்டச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கைப் பெருவிரலால் அழுத்திவிட முடிகிறது. பக்கத்தின் பெரிதாக்கமும் மாறாமல் அப்படியே அடுத்த பக்கம் வருகிறது.

மேல் பொத்தானை மேஜிஸ்க் தொகுதி மூலம் வேக்அப் ஆக்கினேன். அதில்தான் ஒரு விசித்திரம். திரை அணைந்த உடனே அழுத்தினால் விழிக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து அழுத்தினால் விழிப்பதில்லை. ஆனால் டேப்லெட் யூஎஸ்பி வடத்தில் மடிக்கணினியோடு இணைந்திருந்தால் எவ்வளவு நேரம் கழித்தும் விழிக்கிறது. இது கோப்புத் தவறாகத் தெரியவில்லை.

---

திருகாணி எழுதியது:

வடத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

திரை அணைந்ததும் கருவி உடனே தூங்கிவிடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். கணினியோடு வடம் இணைந்திருந்தால் உங்கள் கருவி அந்த நிலைக்குப் போவதில்லை, அதனால் விழிக்கிறது. ஆழ்ந்து உறங்கும்போது அதை எழுப்பும் உரிமை குறிப்பிட்ட சில சமிக்ஞைகளுக்கு மட்டும்தான் உண்டு. ஜிபிஐஓ-கீஸ் பொத்தானுக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் கருவியின் டிவைஸ் ட்ரீயில், அதாவது கெர்னலுக்கான வன்பொருள் விவரப் பட்டியலில், தனியாக எழுதியிருக்க வேண்டும். உங்களுடையதில் எழுதவில்லை. கேஎல் கோப்பில் என்ன போட்டாலும் அது கெர்னல் விழித்த பிறகு நடக்கும் விஷயம், விழிக்காத கெர்னலுக்கு அதைப் படிக்க வழியில்லை.

கீழ்ப் பொத்தான் அப்படியல்ல. அது பவர் பொத்தானின் கூட்டாளி. அந்தச் சாதனத்தின் டிரைவர், விசையாகப் பதிவான தன் பொத்தான்கள் அனைத்துக்கும் எழுப்பும் உரிமையைத் தானே கொடுத்துவிடுகிறது. ஆகவே வேலையை மாற்றிப் போடுங்கள்: 114க்கு வேக்அப், 115க்குப் பேஜ்_டவுன். 116 பவர் வரி அப்படியே இருக்கட்டும்.

---

வேப்பம்பூ எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒலி குறைக்கும் பொத்தானே இல்லாமல் போனால் திரைப்பிடிப்பு எப்படி எடுப்பது? ரெக்கவரி என்ற மீட்பு முறைக்கு எப்படிப் போவது? ஏதாவது கெட்டுப்போனால் மேஜிஸ்க்கை முடக்கவும் அந்தப் பொத்தான்தானே?

---

திருகாணி எழுதியது:

சரியான கேள்விகள். பவரையும் ஒலி குறைப்பையும் சேர்த்து அழுத்தும் திரைப்பிடிப்பு போய்விடும், ஏனென்றால் ஆண்ட்ராய்டு அங்கே பார்ப்பது கேஎல் கோப்பு தரும் பெயரை. லினேஜில் மூன்று விரலால் கீழே இழுத்து எடுக்கலாம், அமைப்புகளில் இயக்கிக்கொள்ளுங்கள். பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு முறைக்குப் போவதும் இதே காரணத்தால் நின்றுவிடும்.

கருவியைத் தொடக்கும் நிரலான பூட்லோடரும் ரெக்கவரியும் உங்கள் கேஎல் கோப்பைத் தொடுவதில்லை. அங்கே பழைய பொத்தான்கள் பழைய வேலையையே செய்யும். தொடக்கத்தில் கீழ்ப் பொத்தானைப் பிடித்து மேஜிஸ்க் தொகுதிகளை முடக்குவதும் நடக்கும், அது பொத்தானின் எண்ணைக் கெர்னலிடமிருந்து நேரடியாகவே படிக்கிறது. ஆனால் டேட்டாவில் வைத்த கோப்பு மேஜிஸ்க் தொகுதி அல்ல, அதை ஏடிபி வழியாகக் கையால்தான் நீக்க வேண்டும். யூஎஸ்பி பிழைநீக்கத்தை இப்போதே இயக்கி, உங்கள் கணினிக்கு அனுமதி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

மாற்றிப் போட்டேன். வடத்தைப் பிடுங்கி, மதிய உறக்கம் முடித்து வந்து கீழ்ப் பொத்தானை அழுத்தினேன், திரை விழித்தது. பிழைநீக்க அனுமதியும் கொடுத்துவிட்டேன். முந்தைய பக்கத்துக்குப் போக மட்டும் திரையைத் தொடுகிறேன். மெய்ப்பில் பின்னால் போவது எப்போதாவதுதான், அதற்கு இது போதும்.