வீட்டோடு நிலம் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் அரை ஏக்கர் நிலத்தோடு பழைய பலகை வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வாசலில் இரண்டு ரம்புத்தான் மரங்கள். அம்மா அதிலேயே மயங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விற்பவர் காட்டியது கிராண்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) மங்கலான நகல் மட்டும். நில அலுவலகத்தில் தேடல் செய்யப்போகிறேன். அடமானம், கவியட் (நிலத்தைக் கைமாற்ற விடாமல் பதிந்த தடை) இருந்தால் தெரிந்துவிடும். மலாய்க்காரர்களுக்கு மட்டுமே உரிய மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் வாங்கும் பேச்சே இல்லை.

குழப்பம் இங்கேதான்: நிலப் பயன்பாடு 'பெர்த்தானியான்' (விவசாயம்), ஆனால் மேலே வீடு நிற்கிறது. வங்கி கடன் தருமா? கிராண்டில் மூன்று அண்ணன் தம்பி பெயர், ஒருவர் இறந்துவிட்டார். அவர் பங்குக்கு யார் கையெழுத்துப் போடுவது?

முன்பணம் கேட்டு தினமும் போன் வருகிறது. லாயர் பார்க்கும்வரை ஒரு காசு கொடுப்பதாக இல்லை. இந்த வட்டாரத்தில் நல்ல லாயர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.